மலைக்கு எந்த வரைபடத்தை எடுத்துப் போவது?

எங்கள் நடைக்குழுவில் பத்துப் பேர். மழை ஓய்ந்த பிறகு, தை மாத வாக்கில், பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் பழைய மலைவழியில் ஒரு நாள் நடக்கலாம் என்று திட்டம். வனத்துறை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அவர்கள் சொல்லும் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சாப்பாடு, தண்ணீர், முதலுதவிப் பை எல்லாம் அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிட்டோம். வரைபடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது.

“போன் இருக்குல்ல அண்ணே, எதுக்குக் காகிதம்?” என்றார் குழுவிலேயே இளையவர். “டோப்போ ஷீட் இல்லாம மலைக்குப் போறது, கண்ணைக் கட்டிக்கிட்டுப் போற மாதிரி தம்பி” என்றார் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர். இருவரும் நன்றாக நடப்பவர்கள், இருவர் சொல்வதிலும் அனுபவம் இருக்கிறது. முடிவை என்னிடம் விட்டார்கள். ஒரு வாரம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதியது இது. இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். மலையில் நடப்பவர் வரைபடத்திடம் மூன்று கேள்விகள் கேட்கிறார். நான் இப்போது எங்கே நிற்கிறேன்? எனக்கு முன்னால் நிலம் எப்படி ஏறி இறங்குகிறது? படத்தில் இருக்கும் பாதை தரையில் இன்னும் இருக்கிறதா? ‘எது நல்ல வரைபடம்’ என்று பொதுவாகக் கேட்டால் சண்டைதான் வரும். எந்தப் படம் எந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்கிறது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும்.

சர்வே ஆஃப் இந்தியா ஷீட்

டோப்போ ஷீட் என்று பேச்சில் சொல்வது இந்திய நில அளவைத் துறை வெளியிடும் நிலத்தோற்ற வரைபடத்தை. 1767இல் தொடங்கிய துறை, தலைமையகம் டேராடூனில். ஆனால் இதன் வேர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது: நாட்டையே முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரும் அளவைப் பணிக்கு 1802இல் ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு (மற்ற அளவுகளுக்கெல்லாம் தொடக்கமாகத் தரையில் அளந்த நேர்கோடு) அளந்தது சென்னை பரங்கிமலை அருகில்தான். மலையில்லாத சமவெளியில் கோயில் கோபுரங்களின் மேலேறி அளந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் கோணம் அளக்கும் கருவியை மேலே ஏற்றும்போது அது மோதிச் சேதமானது 1808இல். இன்றும் ஷீட்டில் ஒரு குன்றின் உச்சியில் சின்ன முக்கோணமும் பக்கத்தில் உயர எண்ணும் இருந்தால், அந்த அளவை வழிவந்த புள்ளி அது என்று எனக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

நடப்பவர்களுக்கு வேண்டியது 1:50,000 அளவு. படத்தில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. ஒரு ஷீட் 15 நிமிட அட்சமும் 15 நிமிடத் தீர்க்கமும், அதாவது இரண்டு பக்கமும் கால் டிகிரி, கொண்டது. நம் பகுதியில் ஏறத்தாழ 27 கி.மீ.க்கு 27 கி.மீ.

கொடைக்கானலுக்கான எண் 58எஃப்/8. 2005ஆம் ஆண்டு தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்கென வந்த ஓபன் சீரீஸ் வரிசையில் அதே பரப்புக்கு சி43வி8 என்று பெயர். பழைய எண்ணைச் சொல்பவரும் புதிய எண்ணைச் சொல்பவரும் ஒரே ஷீட்டைத்தான் சொல்கிறார்கள் என்பது தெரியாமல் நாங்கள் ஒருமுறை கால் மணி நேரம் குழம்பியிருக்கிறோம். இன்னொரு குழப்பமும் உண்டு. ஓபன் சீரீஸ் மேப்பையும் ஓஎஸ்எம் என்பார்கள், இணையத்தில் தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பையும் ஓஎஸ்எம் என்பார்கள். இரண்டும் வேறு வேறு.

கொடைக்கானல்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. ஏரியிலிருந்து வடக்கே இரண்டு கி.மீ. போவதற்குள் ஷீட் முடிந்துவிடும், கிழக்கேயும் அப்படித்தான். 58எஃப் வரிசையின் 7, 8, 11, 12 என்று நான்கு ஷீட்டுகள் சந்திக்கும் மூலைக்குப் பக்கத்தில் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பெரியகுளம் 12இல் இருக்கிறது. ஆக எங்கள் நடை ஒரு ஷீட்டில் தொடங்கி இன்னொன்றில் முடியும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், வேண்டிய நேரத்தில் படம் தீர்ந்துபோகும்.

சரி, இந்த ஷீட் எதில் கெட்டி? இரண்டாவது கேள்வியில், அதாவது நிலத்தின் வடிவத்தில். பழுப்பு நிறத்தில் ஓடும் சம உயரக்கோடுகள்தான் இதன் உயிர். ஒரு கோட்டின் மேல் இருக்கும் எல்லா இடமும் கடல் மட்டத்திலிருந்து ஒரே உயரம். நம் மலைப்பகுதி ஷீட்டுகளில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலும் 20 மீட்டர் வித்தியாசம். ஐந்தாவது கோடு தடித்திருக்கும், அதில் எண் இருக்கும்.

இதை எப்படிப் படிப்பது என்று எங்கள் வழியையே வைத்துக் காட்டுகிறேன். அடிவாரத்தில் கும்பக்கரை பக்கம் ஏறத்தாழ 400 மீட்டர். மேலே கொடைக்கானல் 2,000 மீட்டருக்கு மேல். நடுவில் 1,600 மீட்டர் ஏற்றம் என்றால் எண்பது கோடுகளைக் குறுக்கே கடக்க வேண்டும். ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் 1892இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் உதவுகிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். தூரம் 12 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் நடைக்கு 2 மணி 24 நிமிடம், ஏற்றத்துக்கு 2 மணி 40 நிமிடம். நிற்காமல் ஏறினாலே ஐந்து மணி நேரம். பத்துப் பேர், அதில் மூன்று பேர் ஐம்பதைத் தாண்டியவர்கள், சாப்பாட்டு நேரம் எல்லாம் சேர்த்தால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாது. காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்க வேண்டும் என்ற முடிவு இந்த எண்பது கோடுகளிலிருந்து வந்தது. ‘12 கி.மீ. தானே, மத்தியானம் போய்ச் சேர்ந்துடலாம்’ என்று போனை மட்டும் பார்த்தவர்கள் சொன்னதை இந்தக் கணக்கு மாற்றியது.

அடுத்தது சரிவு. ஒரு சாதாரண ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே 1 மி.மீ. இருந்தால் தரையில் 50 மீட்டர் நடந்து 20 மீட்டர் ஏறுகிறீர்கள். மூச்சு வாங்கும், ஆனால் நடக்கலாம். அரை மி.மீ. இருந்தால் 25 மீட்டரில் 20 மீட்டர் ஏற்றம்; அதாவது கிட்டத்தட்ட 39 டிகிரி, கையையும் ஊன்ற வேண்டிய இடம். கோடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கறுத்துத் தெரிந்தால் அங்கே பாதையைத் தேடவே வேண்டாம். கோடு ‘வி’ போல மடங்கும் இடத்தில் அதன் முனை உயரமான பக்கம் பார்த்தால் அது ஓடை, தாழ்ந்த பக்கம் பார்த்தால் அது முகடு. இந்த ஒன்று மட்டும் கைவந்துவிட்டால் பாதி வரைபடம் பேசத் தொடங்கிவிடும். எங்கள் ஆசிரியர் இதை வேறு மாதிரி கற்றுக்கொடுப்பார். விரல்களை மடக்கிக் கைமுட்டியை மேசையில் வைத்து, முட்டியின் மேடுகளைச் சுற்றி நீல மையில் மட்டம் மட்டமாகக் கோடு வரைவார். பிறகு கையைத் தட்டையாக விரித்துக் காட்டுவார். மலை எப்படிக் காகிதமாகிறது என்பது அந்த ஒரு நொடியில் புரிந்துவிடும்.

இன்னும் சில அருமையான விஷயங்கள் ஷீட்டில் உண்டு. தண்ணீர் நிற்கும் ஓடைக்கு நீலம், வறண்ட ஓடைக்குக் கறுப்பு. செங்குத்துப் பாறைக்குத் தனிக்குறி. கோயில், கிணறு, காட்டு எல்லை என எல்லாவற்றுக்கும் குறியீடு. சமவெளி ஷீட்டுகளில் ஏரிக்கரையின் அருகே ஓர் எண்ணும் ‘ஆர்’ எழுத்தும் இருக்கும். கரை பக்கத்துத் தரையைவிட அத்தனை மீட்டர் உயரம் என்று பொருள்.

பலவீனம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. ஷீட்டின் ஓரத்தில் எந்த ஆண்டு அளந்தது என்று அச்சிட்டிருப்பார்கள். வாங்கியதும் முதலில் அதைப் பாருங்கள். சில ஷீட்டுகளின் அடிப்படை அளவை பல பத்தாண்டுகள் பழையது. அதற்குப் பிறகு மலை நகர்ந்திருக்காது. ஆனால் ஒற்றையடிப் பாதை உண்ணிச்செடிக்குள் மறைந்திருக்கும், புதிய தார் ரோடு வந்திருக்கும், எஸ்டேட் வேலி போட்டிருக்கும். இன்னொன்று, 20 மீட்டர் இடைவெளி என்றால் 15 மீட்டர் உயரப் பாறை இரண்டு கோடுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளலாம். ஐந்து மாடி உயரம் அது. கோடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதற்காக வழி சுலபம் என்று நம்பிவிடக் கூடாது.

ஷீட் கிடைப்பது முன்பு பெரும்பாடு. 2017இல் ஓபன் சீரீஸ் ஷீட்டுகளை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள வழி செய்தார்கள்; 2021 பிப்ரவரியில் வரைபடங்கள் மீதான பல கட்டுப்பாடுகளை மத்திய அரசு தளர்த்தியது. இப்போது பிடிஎஃப் கோப்பாக வீட்டிலிருந்தே எடுக்கலாம். அச்செடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. ஜெராக்ஸ் கடையில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பில் போட்டுவிடுவார்கள். படம் கொஞ்சம் சுருங்கும், கண்ணுக்குத் தெரியாது. ஆறு சதவீதம் சுருங்கினால் 15 கி.மீ. நடை 14 கி.மீ. போலக் காட்டும். அச்சு கைக்கு வந்ததும் அளவுகோல் பட்டையில் ஸ்கேலை வைத்து, 1 கி.மீ.க்குச் சரியாக 2 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் ‘நிஜ அளவு’ என்று மாற்றி இன்னொரு பிரதி எடுக்கச் சொல்லுங்கள். ஏ4 தாள் ஒன்றில் 10 கி.மீ.க்கு 14 கி.மீ. அடங்கும்; ஒரு நாள் நடைக்கு இரண்டு தாள் தாராளம்.

போன் செயலிகள்

ஓஸ்மேண்ட், ஆர்கானிக் மேப்ஸ் போன்ற செயலிகள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை எடுத்து, அதன் மேல் சம உயரக்கோடுகளைப் போட்டுக் காட்டுகின்றன. வேண்டிய பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் சிக்னலே இல்லாத காட்டிலும் வேலை செய்யும். ஏரோப்ளேன் மோடில் போட்டால்கூட ஜிபிஎஸ் இயங்கும், பேட்டரியும் மிச்சமாகும். மலையில் சிக்னலைத் தேடித் தேடியே போன் செத்துப்போகும் என்பதால் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

முதல் கேள்விக்கு இதைப்போல வேறெதுவும் பதில் சொல்லாது. மூடுபனியில் நிற்கிறீர்கள், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. காகிதத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்று கண்டுபிடிக்க இரண்டு உச்சிகளாவது கண்ணில் பட வேண்டும். போனில் நீலப் புள்ளி அப்படியே இருக்கும். மரங்கள் அடர்ந்த சோலைக்குள்ளோ ஆழமான பள்ளத்திலோ அந்தப் புள்ளி கொஞ்சம் அலைபாயும். ஒரு நிமிடம் நின்று பார்த்தால் நிலைக்கு வந்துவிடும். கொடைக்கானல் மலையின் தெற்குச் சரிவில் மூடுபனி எவ்வளவு வேகமாக ஏறி வரும் என்று பார்த்தவர்களுக்கு இந்த வசதியின் அருமை தெரியும்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொன்று தமிழ்ப் பெயர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஊர்ப்பெயரைத் தமிழில் சேர்க்க இடமிருக்கிறது, பலர் பொறுமையாகச் சேர்த்திருக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் சிதைந்துபோன பெயரில் நிலம் தெரியாது. தமிழில் படித்தால் பெயரே வரைபடம்: கரடு என்றால் மரமில்லாத கல்மேடு, கணவாய் என்றால் கடக்கும் இடம், பள்ளம் என்றால் தண்ணீர் இறங்கும் வழி, சோலை என்றால் மடிப்பில் ஒதுங்கிய காடு. உங்கள் ஊர் ஓடையின் பெயர் இன்னும் அதில் இல்லை என்றால் நீங்களே சேர்க்கலாம். தயவுசெய்து சேருங்கள்.

பலவீனம் எங்கே? உயரக்கோடுகளில். இந்தச் செயலிகளின் கோடுகள் பெரும்பாலும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி ரேடாரால் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவிலிருந்து கணினி வரைந்தவை. 30 மீட்டருக்கு ஓர் உயரம் என்ற கணக்கு. மேலும் ரேடார் அலை அடர்ந்த காட்டில் தரையைத் தொடாமல் மரத்தலைகளிலேயே பெருமளவு திரும்பிவிடும். கோடு தரையைச் சொல்கிறதா மரத்தைச் சொல்கிறதா என்பது நிச்சயமில்லை. செங்குத்துப் பாறை இதில் வழவழவென்று சாய்ந்த சரிவாகிவிடும். கொடைக்கானல் தூண் பாறை கிட்டத்தட்ட 120 மீட்டர் நெட்டுக்குத்தாக நிற்கிறது. இந்தத் தரவில் அது நெருக்கமான கோடுகளாக மட்டுமே வரும். பாறை என்று சொல்லும் குறி, யாராவது கையால் சேர்த்திருந்தால்தான் உண்டு.

பாதைகளும் அப்படித்தான். யாரோ நடந்த ஜிபிஎஸ் தடத்தை வைத்துப் போட்டவை. புதிதாக இருக்கும், அது பெரிய பலம். ஆனால் நடந்தவர் மனிதர் நடக்கும் பாதையில்தான் நடந்தாரா என்பது படத்தில் தெரியாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டங்களுக்கு இடையே நண்பர் ஒருவரோடு போனேன். போனில் ஒரு புள்ளிக்கோடு ஓடையைத் தாண்டி நேரே அடுத்த முகட்டுக்கு ஏறியது. நன்றாக மிதிபட்ட தடம்தான். முக்கால் மணி நேரம் ஏறினோம். தடம் இரண்டாக, மூன்றாகப் பிரிந்து, புல்லில் கரைந்து, கடைசியில் ஒரு வழுக்குப் பாறையின் விளிம்பில் நின்றது. நீலப் புள்ளி மட்டும் அந்தக் கோட்டின் மேலேயே அசையாமல் இருந்தது. மாலை நாலரை ஆகிவிட்டது. இறங்கி வரும்போது தோட்டத்தில் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார், “எங்க தம்பி போயிட்டு வர்றீங்க?” சொன்னோம். “அது மாடு மேயப் போற தடம். மனுசன் போறது அந்தக் கரட்டைச் சுத்திப் போகுமே” என்று கையால் காட்டினார். வீட்டுக்கு வந்து 58எஃப்/11 ஷீட்டை விரித்தேன். அவர் காட்டிய வழி சன்னமான கோடாக அப்படியே இருந்தது, கரட்டைச் சுற்றி. நாங்கள் ஏறிய பக்கம் பழுப்புக் கோடுகள் ஒட்டிக் கிடந்தன. புறப்படும் முன் இரண்டு நிமிடம் அதைப் பார்த்திருந்தால் அந்தப் பக்கம் கால் வைத்திருக்க மாட்டோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். செயலியில் பாதை எங்கே போகிறது என்று பார்ப்பேன். அந்தப் பாதை கடக்கும் நிலம் எப்படிப்பட்டது என்று ஷீட்டில் பார்ப்பேன். இரண்டும் முரண்பட்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்காமல் போவதில்லை.

கூகுள் மேப்ஸ், புவன், பழைய அமெரிக்கப் படங்கள்

இவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூகுள் மேப்ஸ் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம் வரை கொண்டுபோய் விடும். அதற்கு அதைவிட நல்லது இல்லை. அதற்கு மேல் அதை நம்பி நடக்காதீர்கள். ஆஃப்லைனில் இறக்கினால் சாலைகள் வரும், செயற்கைக்கோள் படம் வராது. வீட்டில் உட்கார்ந்து கூகுள் எர்த்தில் மலையைச் சாய்த்துச் சுழற்றிப் பார்ப்பது வேறு விஷயம். ஷீட்டில் பார்த்த முகடு நிஜத்தில் எப்படித் தெரியும் என்று ஒத்துப் பார்க்க அருமையான வழி. புதிதாகப் படம் படிக்கப் பழகுபவர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மாலை செலவிடுங்கள்.

இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. கார்ட்டோசாட் செயற்கைக்கோளின் உயரத் தரவை அங்கே இலவசமாக எடுத்து, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு, நீங்களே உங்கள் ஊருக்கு உயரக்கோடு வரைந்துகொள்ளலாம். கணினியில் கை பழகியவர்களுக்கு இது பெரிய சந்தோஷம். ஆனால் இதுவும் 30 மீட்டர் தரவுதான். அழகாக வரைந்ததால் துல்லியம் கூடிவிடாது. 5 மீட்டருக்கு ஒரு கோடு போடு என்றால் மென்பொருள் போட்டுத் தரும். அந்தக் கோடுகளை நம்பி யாரும் பாறையில் இறங்கிவிடக் கூடாது.

அமெரிக்க ராணுவ வரைபடப் பிரிவு 1950களில் வெளியிட்ட 1:250,000 படங்கள் டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் கிடைக்கின்றன. ஒரு செ.மீ. இரண்டரை கி.மீ. என்பதால் நடக்க உதவாது. மலைத்தொடர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்கவும், அணைகளும் ரோடுகளும் பெருகுவதற்கு முந்தைய நிலத்தைப் பார்க்கவும் நல்லது. இலங்கை வாசகர்களுக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அங்கே நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்கள் தீவு முழுவதற்கும் உண்டு.

இரண்டையும் சேர்க்கும்போது வரும் சிக்கல்

ஷீட்டும் போனும் இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பழைய ஷீட்டில் குறித்தால் புள்ளி நூறு, இருநூறு மீட்டர் தள்ளி விழும். போன் தவறில்லை, ஷீட்டும் தவறில்லை. பழைய ஷீட்டுகள் பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்ற அளவையாளரின் பெயரில் உள்ள கணக்கை எடுத்துக்கொண்டவை; ஜிபிஎஸ் எடுத்துக்கொள்வது டபிள்யூஜிஎஸ்84 என்ற வேறு கணக்கை. ஓபன் சீரீஸ் ஷீட்டுகள் ஜிபிஎஸ் கணக்கிலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. யாரோ ஸ்கேன் செய்து வைத்த பழைய ஷீட் கையில் கிடைத்தால் நில வடிவத்தைப் படிக்கப் பயன்படுத்துங்கள். எண்ணை வைத்து இடம் குறிக்க வேண்டாம். 2 செ.மீ.க்கு 1 கி.மீ. படத்தில் இருநூறு மீட்டர் என்பது நாலு மி.மீ. தான். தரையில் அது ஓடைக்கு இந்தக் கரையா அந்தக் கரையா என்ற கேள்வி.

திசைகாட்டி விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வித்தியாசம் தமிழ்நாட்டில் ஓரிரு டிகிரிதான். கழித்துக் கூட்டாமல் நேராகவே வைத்துப் பயன்படுத்தலாம்.

யாருக்கு எது?

வனத்துறை வழிகாட்டியோடு, குறிக்கப்பட்ட பாதையில், நான்கைந்து கி.மீ. போய்வருபவருக்குப் போன் செயலி போதும். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் 40 பாதைகளில் சுலபமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஷீட்டுக்காக அலைய வேண்டாம். பகுதியை இறக்கி வையுங்கள், பவர் பேங்க் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஆசிரியருக்கு ஷீட்தான் என் பதில். போனை நீட்டினால் பிள்ளைகள் நீலப் புள்ளியைப் பார்ப்பார்கள், மலையைப் பார்க்க மாட்டார்கள். நாலு பேருக்கு ஒரு ஏ4 தாள் கொடுத்து, ‘நாம் நிற்கும் முகடு எது?’ என்று கேளுங்கள். தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால்தான் அவர்களால் பதில் சொல்ல முடியும்.

நிலத்தில் குளம் வெட்டவோ வரப்பு போடவோ வரைபடம் தேடுபவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இவற்றில் எதுவுமே உதவாது. 20 மீட்டர், 10 மீட்டர் கோடுகளில் ஒரு ஏக்கரின் வாட்டம் தெரியாது. லெவல் கருவி வைத்து அளப்பவரை அழைத்து வருவதுதான் வழி.

எங்களைப் போல நீண்ட ஏற்றம், கலவையான வயது, ஒரே நாள் என்று போகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், ஆனால் ஒரு வரிசையில். திட்டமிடுவது ஷீட்டில். நடக்கும்போது இடம் பார்ப்பது போனில். பாதை இருக்கிறதா என்பதற்கு வழிகாட்டியின் சொல்லே முடிவு. வழிகாட்டி வரும்போது படம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு: நடுவழியில் ஒருவருக்குக் கால் பிசகினால் மேலே போவதா கீழே திரும்புவதா, எது ரோட்டுக்குப் பக்கம், எது ஏற்றம் குறைவு என்று பத்துப் பேரும் சேர்ந்து பார்த்துப் பேச மேசை மாதிரி விரிகிற தாள் வேண்டும். ஐந்து அங்குலத் திரையில் அது முடியாது.

ஒன்று மட்டும்தான் எடுக்கலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால்? நான் ஷீட்டைத்தான் எடுப்பேன். படத்தைப் படித்துவிட்டுப் போனவருக்கு வழி தவறினாலும் எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பது தெரிந்திருக்கும். போனை மட்டும் வைத்திருப்பவருக்குத் தான் நிற்கும் இடம் தெரியும், அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது.

ஒன்று மறக்கக் கூடாது. எந்தப் படத்தில் எவ்வளவு தெளிவாகப் பாதை இருந்தாலும் அது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் நடக்கப் போனவர்கள் உயிரிழந்த பிறகுதான் நம் மாநிலத்தில் மலை நடைக்கு விதிமுறைகள் இறுகின. தீ சரிவில் மேல்நோக்கி மிக வேகமாக ஏறும். கோடைக்கு முன்பே நாங்கள் தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம்.

நேற்று 8, 12 இரண்டு ஷீட்டையும் நிஜ அளவில் அச்செடுத்து வந்துவிட்டேன். அளவுகோல் பட்டையில் ஸ்கேல் சரியாக உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர் வீட்டில் இரண்டையும் ஓரம் வெட்டி, உயரக்கோடுகள் ஒன்றோடு ஒன்று சேரும்படி ஒட்டப்போகிறோம். இளைய தம்பி தன் போனில் இறக்கி வைத்த பாதையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஆசிரியர் அதைப் பென்சிலால் ஷீட்டில் வரைவார். எங்கே இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அங்கே சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய பட்டியலில் சேர்ப்போம்.